சுமையிலிருந்து பிறந்த வண்டி
பிரான்சின் ‘எச்’ வானின் அமைப்பும் அதன் பல வடிவங்களும்

வயலிலும் தோட்டத்திலும் நாம் விளைவிப்பது சந்தைக்குப் போய்ச் சேரும்போதுதான் வருமானமாகிறது. அதுவரைக்கும் அது ஒரு பாரம். யாரோ ஒருவர் அதைக் குனிந்து தூக்க வேண்டும். யாரோ ஒருவர் ஏற்ற வேண்டும். மறுபடியும் இறக்க வேண்டும். இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நெல் மூடையை மட்டுமல்ல, கதவு நிலையையும் கூரைத் தகரத்தையும் தையல் இயந்திரத்தையும் சுமந்து நடந்தவர்கள் நீங்கள். பாரம் ஏற்ற ஒரு வண்டி கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் ஒரு குடும்பத்தின் வாழ்வில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் அந்த வண்டி எப்படி அமைய வேண்டும் என்று யாராவது எம்மிடம் கேட்டதுண்டா? வாகனம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் தயாராகி வருகிறது. அதன் தட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு நாம் மூடையைத் தூக்குகிறோம். அதன் கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தால் சுற்றிப் போகிறோம். வண்டிக்கு ஏற்ப எமது முதுகை வளைத்துக்கொள்கிறோம்.

இந்த இதழில் இதற்கு எதிர்மாறான ஒரு வண்டியின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். பிரான்சு நாட்டின் சித்ரோயன் கொம்பனி 1947 ஆம் ஆண்டு ஒரு சிறிய பார வானை மக்களுக்குக் காட்டியது. அதன் பெயர் ஒரே ஓர் எழுத்து: ‘எச்’. பிரெஞ்சுக்காரர் அந்த எழுத்தை ‘ஆஷ்’ என்று உச்சரிப்பர். 1981 டிசம்பர் வரை, முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேலாக, பெரிய மாற்றம் எதுவுமின்றி அது தயாரிக்கப்பட்டது. மொத்தம் 473,289 வண்டிகள். கமக்காரர், பாண் சுடுபவர், மீன் வியாபாரி, பொலிசார், வைத்தியசாலைக்காரர் என்று எத்தனையோ பேர் அதைத் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தினர். பார்ப்பதற்கு அது அழகான வண்டியல்ல. நெளிந்த தகரத்தால் அடித்த ஒரு கொட்டிலுக்குச் சில்லுப் பூட்டியது போல இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு பகுதியும் பாரத்தையும், பாரம் தூக்குபவரையும் நினைத்து அமைக்கப்பட்டது. ஆகவேதான் இதைப்பற்றி நாம் எழுதுகிறோம்.

போருக்குப் பின் ஒரு தேவை

பணக்கார நாடு என்று நாம் நினைக்கும் பிரான்சும் ஒரு காலத்தில் அகதிகளின் நாடாக இருந்தது. 1940 மே, ஜூன் மாதங்களில் ஜேர்மன் படைகள் உள்ளே நுழைந்தபோது வட பகுதியிலிருந்தும் பாரிஸ் நகரிலிருந்தும் இலட்சக்கணக்கான மக்கள் தெற்கு நோக்கி வீதிகளில் இறங்கினர். குதிரை வண்டிகளிலும் சைக்கிள்களிலும் கைவண்டிகளிலும் மெத்தைகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு சென்றனர். போர் 1945 இல் முடிந்தபோது பாலங்கள் உடைந்திருந்தன. ரயில் பாதைகள் சிதைந்திருந்தன. உருக்கை அரசாங்கமே பங்கிட்டுக் கொடுத்தது. பாணுக்கான பங்கீட்டு அட்டை 1949 வரை நீடித்தது.

இத்தகைய ஒரு நாட்டில் உணவைக் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டுசெல்வதே முதல் வேலை. பெரிய லொறி வாங்கச் சிறு வியாபாரியிடம் பணம் இல்லை. குதிரை வண்டியோ மெதுவானது. ஒரு தொன் அளவான பாரத்தை ஏற்றக்கூடிய, மலிவான, எளிதில் திருத்தக்கூடிய ஒரு வண்டி தேவைப்பட்டது.

சித்ரோயன் கொம்பனி 1919 இல் கார் செய்யத் தொடங்கியது. 1934 இல் முன்சில்லுகளால் இழுக்கப்படும் ஒரு காரை அது வெளியிட்டது. இயந்திரத்தின் சக்தி பின்சில்லுகளுக்குப் போகும் வழக்கமான முறையை விட்டு, முன்சில்லுகளுக்கே கொடுக்கும் முறை இது. அதே ஆண்டில் கொம்பனி கடனில் மூழ்கியது. பெரிய கடன் கொடுத்திருந்த மிஷலின் ரயர்க் கொம்பனி அதைப் பொறுப்பேற்றது. மிஷலின் அனுப்பியவர்களுள் பியேர் பூலான்ஜே என்பவர் ஒருவர். பின்பு அவரே கொம்பனியின் தலைவரானார்.

பூலான்ஜே தமது பொறியியலாளருக்குக் கொடுத்த ஒரு கட்டளை மிகவும் பிரசித்தமானது. சிறிய கார் ஒன்றை வடிவமைக்கச் சொன்னபோது, இன்ன அழகு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கமக்காரரும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் அதில் போகவேண்டும். உழுத நிலத்துக்குக் குறுக்கே ஓடினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்றார். 1948 இல் வெளிவந்த ‘2 சிவி’ என்ற கார் அவ்வாறு பிறந்தது. பாவிப்பவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கி வண்டிக்கு வருவதே அவரது முறை எனலாம். ‘எச்’ வானிலும் அதே முறையைக் காண்கிறோம்.

‘எச்’ வானுக்கு ஓர் அண்ணனும் இருந்தது. 1939 இல் சித்ரோயன் ஒரு முன்சில்லு வானை வெளியிட்டது. அதன் பிரெஞ்சுப் பெயரிலேயே ‘தாழ்ந்தது’ என்ற சொல் இருந்தது. பக்கத்தில் நகரும் கதவு, தாழ்ந்த தளம் என்பன அதில் அப்போதே வந்துவிட்டன. போர் காரணமாக இரண்டாயிரத்துக்கும் குறைவான வண்டிகளுடன் அதன் தயாரிப்பு நின்றுபோயிற்று. ஆனால் எண்ணம் நிற்கவில்லை. போர் முடிந்த இரண்டாவது ஆண்டிலேயே, 1947 ஒக்டோபர் மாதம் பாரிஸ் கண்காட்சியில் ‘எச்’ வான் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது.

ஒரு முழத்துக்கும் குறைவான உயரம்

இந்த வானின் முதற் சிறப்பு அதன் தளம். நிலத்திலிருந்து ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் உயரத்தில் அது இருந்தது. அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு; முழங்காலுக்குக் கீழே. தளம் முழுவதும் மேடுபள்ளமின்றித் தட்டையாக இருந்தது.

எப்படி இவ்வளவு தாழ்வாக அமைக்க முடிந்தது? சாதாரண லொறியில் இயந்திரம் முன்னால் இருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடியால் ஓடிப் பின் அச்சைச் சுற்றும். அந்தத் தண்டுக்கும் அச்சுக்கும் மேலாகத்தான் தட்டை அமைக்க முடியும். ஆகவே தட்டு உயர்ந்து போகிறது. ‘எச்’ வானிலோ இயந்திரம், கியர்ப் பெட்டி, இழுக்கும் சில்லுகள் எல்லாம் முன்னாலேயே இருந்தன. அடியால் ஓடும் தண்டு கிடையாது. இரண்டு பின்சில்லுகளையும் இணைக்கும் கனத்த அச்சும் கிடையாது. ஒவ்வொரு பின்சில்லும் தனித்தனிக் கையில் பூட்டப்பட்டு, முறுக்குக் கம்பியின் உதவியால் மேலும் கீழும் அசைந்தது.

எமது மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இழுக்கும் சக்தி முழுவதும் முன்னால் உள்ள மாடுகளிடம் இருக்கிறது. பின்னால் உள்ள சில்லுகள் சும்மா உருளுகின்றன. ‘எச்’ வானும் அப்படித்தான். அதன் முன்பகுதி மாடு, பின்பகுதி வண்டி.

தளம் தாழ்ந்திருப்பதால் என்ன இலாபம்? ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம்ப கால ‘எச்’ வான் 1200 கிலோ பாரம் ஏற்றியது. ஐம்பது கிலோ மூடைகளானால் 24 மூடைகள். தட்டு ஒரு மீற்றர் உயரமான லொறியில் இவற்றை ஏற்றினால், 24 மூடைகளையும் சேர்த்து 24 மீற்றர் உயரம் தூக்குகிறோம். 35 சென்ரிமீற்றர் தளத்தில் ஏற்றினால் 8.4 மீற்றர் மட்டுமே. மிச்சம் 15.6 மீற்றர். அதாவது ஐம்பது கிலோ மூடை ஒன்றை நன்கு வளர்ந்த ஒரு தென்னையின் உயரத்துக்குத் தூக்கும் வேலை, ஒவ்வொரு முறை வண்டி நிரம்பும்போதும் மிச்சமாகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, வருடத்தில் இருநூறு நாள் என்று கணக்கிட்டால் ஒரு மனிதனின் முதுகெலும்புக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மார்பு உயரத்துக்கு மூடை தூக்கத் திடமான இரண்டு ஆண்கள் வேண்டும். முழங்காலுக்குக் கீழே என்றால், மூடையைச் சரித்து உருட்டி, ஒரு பலகையால் தள்ளி ஏற்றிவிடலாம். கணவனை இழந்த பெண்ணும், வயது போனவரும் கூலிக்கு ஆள் பிடிக்காமல் தம் விளைச்சலைத் தாமே ஏற்ற முடியும். தளத்தின் உயரம் என்பது வெறும் அளவல்ல. யார் வேலை செய்யலாம், யார் மற்றவரை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விடயம்.

உள்ளே உயரம் ஏறக்குறைய ஆறடி. ஒருவர் குனியாமல் நிமிர்ந்து நடந்து சாமானை அடுக்கலாம். வலப்பக்கத்தில் ஒரு நகரும் கதவு. பிரான்சில் வாகனங்கள் வீதியின் வலப்புறமாக ஓடுவதால் அந்தக் கதவு எப்போதும் நடைபாதைப் பக்கமாகத் திறக்கும். ஒடுங்கிய சந்தைத் தெருவில் திறப்பதற்குத் தனி இடம் தேவையில்லை. பின்புறக் கதவு மூன்று துண்டுகளாக இருந்தது. கீழே இரண்டு சிறகுகள் பக்கவாட்டில் திறக்கும். மேலே உள்ள துண்டு மேல்நோக்கித் திறந்து, மழைக்கும் வெயிலுக்கும் தாழ்வாரம் போல நிற்கும். அதன் கீழே நின்று நனையாமல் சாமானை இறக்கலாம்.

நெளிந்த தகரத்தின் பலம்

இரண்டாவது சிறப்பு அதன் உடல். பக்கச் சுவர்கள், கதவுகள், முன்மூடி எல்லாவற்றிலும் வரிவரியாக நெளிவுகள் இருந்தன. அலங்காரத்துக்காக அவை இடப்படவில்லை.

இதைப் பிள்ளைகளுடன் சேர்ந்து வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கொப்பித் தாளை எடுத்து இரண்டு செங்கற்களுக்கு இடையே பாலம் போல வையுங்கள். ஒரு தீப்பெட்டியை வைத்தாலே அது தொய்ந்து விழும். அதே தாளை விசிறி போல மடித்து, மடிப்புகள் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு ஓடும்படி வையுங்கள். இப்போது பல தீப்பெட்டிகளைத் தாங்கும். தாள் தடிக்கவில்லை, பாரமும் கூடவில்லை. மடிப்பு மட்டுமே பலத்தைக் கொடுத்தது. எமது கூரைத் தகரமும் இவ்வாறே நிற்கிறது. நெளிவு ஓடும் திசையில் அது வளையாது. குறுக்கே எளிதில் வளையும். ஆகவேதான் நெளிவுக்குக் குறுக்காகச் சட்டங்களை வைத்து ஆணி அடிக்கிறோம்.

ஜேர்மனியில் யுங்கர்ஸ் என்பவரின் கொம்பனி 1919 இலேயே நெளிந்த உலோகத் தகட்டால் பயணிகள் விமானம் செய்து பறக்கவிட்டது. சித்ரோயன் பொறியியலாளர் அந்த எண்ணத்தை வீதிக்குக் கொண்டுவந்தனர். உருக்குப் பஞ்சமான காலம் அது. மெல்லிய தகட்டைப் பயன்படுத்தினால் உருக்கு மிச்சம்; வண்டியின் சொந்தப் பாரமும் குறைவு. வளைவான உடல் செய்வதானால் பெரிய, விலையுயர்ந்த அச்சுப் பொறிகள் வேண்டும். நேரான நெளிவு இடச் சாதாரண, குறைந்த அழுத்தமுள்ள பொறிகளே போதும். கண்ணாடிகள்கூட வளைவின்றித் தட்டையாகவே இருந்தன. உடைந்தால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டிப் போடலாம்.

புதிதாக ஓர் இயந்திரமும் செய்யப்படவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 1934 ஆம் ஆண்டுக் காரின் வழிவந்த 1911 சீசீ கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெற்றோல் இயந்திரமே இதிலும் பூட்டப்பட்டது. ஆகவே அந்தக் காரைத் திருத்தத் தெரிந்த கிராமத்து மெக்கானிக் இந்த வானையும் திருத்தினார். உதிரிப்பாகங்களும் கிடைத்தன. இயந்திரத்தின் ஒரு பகுதி சாரதியின் இருக்கைக்கு அருகே உள்ளே தள்ளி இருந்ததால், உள்ளிருந்தபடியே மூடியைக் கழற்றிக் கைவைக்கலாம். 1961 இல் பெர்கின்ஸ் டீசல் இயந்திரம் பூட்டிய வடிவமும் வந்தது.

வறுமைக்குள் இருந்தபடியே செய்த வண்டி இது. இருப்பதைக் கொண்டு, இல்லாததற்காகக் காத்திராமல் செய்தனர்.

ஒரு வான், பல வேடங்கள்

மூன்றாவது சிறப்பே எமக்கு மிக முக்கியமானது. கொம்பனி வண்டியின் முன்பாதியை முழுமையாகச் செய்தது. பின்பாதியை மற்றவர்களின் கைகளுக்கு விட்டது.

தொழிற்சாலையிலிருந்து நான்கு அடிப்படை வடிவங்கள் வந்தன. முதலாவது, முற்றாக மூடிய பார வான். இரண்டாவது, ஆடு, மாடு, குதிரை ஏற்றும் வான். விலங்குகளுக்குக் காற்றுப் போகும்படி அமைந்தது. மூன்றாவது, பின்னால் திறந்த தட்டுள்ளது. நான்காவது, முன்னறையும் வெறும் அடிச்சட்டமும் மட்டும் உள்ளது. அதன்மேல் எதையும் கட்டலாம். பாரத்தின் அளவிலும் வேறுபாடு உண்டு. ‘எச் இசட்’ என்பது 850 கிலோவுக்கு. 1958 இல் வந்த ‘எச் வை’ 1500 கிலோவுக்கு. அந்த ‘எச் வை’ என்ற பெயரே பின்பு எல்லா வகைகளுக்கும் பொதுப்பெயராக மக்கள் வாயில் நின்றுவிட்டது.

மாட்டு வானை எடுத்துக்கொள்வோம். மாடு வளர்ப்பவருக்குத் தெரியும், உயரமான லொறியில் மாட்டை ஏற்றுவது எவ்வளவு பாடு என்று. செங்குத்தான பலகையைக் கண்டதும் மாடு மிரளும், கால் சறுக்கும், அடி விழும். தளம் முழங்காலுக்குக் கீழே இருந்தால் சாய்ந்த ஒரு சிறு பலகை போதும். கன்று தாயின் பின்னால் தானாகவே ஏறும். நோயாளர் வண்டிக்கும் இதே நன்மை. படுக்கையுடன் நோயாளியை மார்பளவு தூக்கிச் சரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது நடமாடும் கடை. இது பிரான்சின் கிராம வாழ்க்கையோடு ஒன்றிப்போன காட்சி. வானின் ஒரு பக்கச் சுவரை நீளமாக வெட்டி, மேல்நோக்கித் திறக்கும் பலகையாக்கினர். அது திறந்ததும் கூரையாகும். அதன் கீழே விற்பனை மேசை. இறைச்சிக்காரர், மீன்காரர், பாற்கட்டி விற்பவர், பாண்காரர், பலசரக்குக்காரர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உள்ளே தட்டுகளை அமைத்தனர். வாரச் சந்தை நாளில் வானே கடையாகும். மற்ற நாட்களில் கடை இல்லாத சிறு கிராமங்களுக்கு வீடு வீடாகச் செல்லும். நடக்க முடியாத முதியவரின் வாசலுக்கே பாணும் உப்பும் வந்தன.

பொலிஸ் வான், தீயணைப்பு வான், பிரேத வண்டி, தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டி என்ற வடிவங்களும் இருந்தன. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும்கூட இது பொருத்தப்பட்டது. சிலர் அதைப் படுக்கையும் அடுப்புமுள்ள வீடாக மாற்றிக்கொண்டனர்.

இந்த வேலைகள் எல்லாவற்றையும் சித்ரோயன் செய்யவில்லை. உடல் கட்டும் தனிப் பட்டறைகளே செய்தன. லாவால் நகரில் குரூவோ, செரிசே என்ற சிற்றூரில் ஊலியேஸ் ஆகிய பட்டறைகள் அவற்றுள் அடங்கும். குதிரை வண்டி செய்வதில் தொடங்கி, மோட்டார் வாகனத்துக்கு மாறிய குடும்பத் தொழில்கள் பல இவ்வாறு நிலைத்தன. தளத்தின் அடியில் நெடுக்கும் குறுக்குமாக ஓடிய சட்டங்கள் பாரத்தைத் தாங்கியதாலும், சுவர்கள் செங்குத்தாக நேராக நின்றதாலும், வெட்டுவதும் ஒட்டுவதும் எளிதாயிற்று. வண்டியை நீட்டியவர்களும் உண்டு. கூரையை உயர்த்தியவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்துத் தட்டிவானைக் கண்ட மூத்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. இயந்திரமும் அடிச்சட்டமும் கடல் கடந்து வந்தன. மரத்தாலான உடலை உள்ளூர்த் தச்சர் கட்டினர். பின்புறத்தில் கீழே இறக்கக்கூடிய தட்டி. ஆட்களும் மரக்கறிக் கூடைகளும் வாழைக்குலைகளும் ஒன்றாகச் சந்தைக்குப் போயின. தொழிற்சாலை செய்ததும் ஊர் செய்ததும் ஒரே வண்டியில் இணைந்திருந்தன.

குறைகளும் உண்டு

ஒரு பொருளைப் பாராட்டும்போது அதன் குறைகளையும் சொல்லவேண்டும். ‘எச்’ வான் மெதுவானது. ஆரம்பத்தில் அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். கடைசி வரைக்கும் மூன்று முன் கியர்களே இருந்தன. சாரதிக்கு அருகே இயந்திரம் இருந்ததால் சத்தமும் வெப்பமும் உள்ளே வந்தன. தகடு மெல்லியதாகையால் எளிதில் நெளிந்தது, துருவும் பிடித்தது. 1969 வரை முன்கதவுகள் பின்பக்கமாகக் கீல் பூட்டப்பட்டிருந்தன. ஓடும்போது கதவு திறந்தால் காற்று அதை அகல விரித்துவிடும், இது ஆபத்தானது.

முன்சில்லு இழுவைக்கும் ஓர் எல்லை உண்டு. பின்னால் அதிக பாரம் ஏற்றி ஏற்றத்தில் போனால் முன்பகுதி இலேசாகிவிடும். நனைந்த புல்லிலும் சேற்றிலும் இழுக்கும் சில்லுகள் பிடிப்பின்றிச் சுழலும். ஆகவே பாரத்தை முன்பக்கமாக அடுக்குவது அவசியம். வயல் வரம்புக்குள் இறங்கும் வண்டி இதுவல்ல. வீதியிலிருந்து சந்தைக்குப் போகும் வண்டி. தளத்தைத் தாழ்த்தியதால் கிடைத்த நன்மைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

மற்றவர்கள் கண்ட வழிகள்

அதே காலத்தில் அதே கேள்விக்கு மற்றவர்கள் வேறு விடைகளைக் கண்டனர். ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கொம்பனி 1950 இல் தன் வானைத் தயாரிக்கத் தொடங்கியது. அதில் இயந்திரம் பின்னால். சாரதி முன்னால், பாரம் நடுவில். ஆகவே பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி சமநிலையாக நின்றது. ஆனால் பின்புறத் தளம் இயந்திரத்துக்கு மேலாக உயர வேண்டியிருந்ததால், பாரத்தைப் பெரும்பாலும் பக்கக் கதவாலேயே ஏற்றினர். பிரான்சின் ரெனோ கொம்பனி 1947 இல் வெளியிட்ட ஒரு தொன் வான் பழைய முறைப்படி பின்சில்லுகளால் தள்ளப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1959 இல், அதே ரெனோ ‘எஸ்தஃபெத்’ என்ற வானில் முன்சில்லு முறைக்கு மாறியது. 1965 இல் வந்த போர்ட் ‘ரான்சிற்’ முன் இயந்திரம், பின்சில்லு என்ற பழைய ஒழுங்கையே வைத்துக்கொண்டு, பல நீளங்களையும் பல உடல்களையும் கொடுத்து வெற்றி கண்டது. சேற்றுக்கும் ஏற்றத்துக்கும் அந்த முறை நல்லது.

1981 இல் ‘எச்’ வானின் தயாரிப்பு நின்ற அதே ஆண்டில், சித்ரோயனும் பீஜோவும் இத்தாலியின் பியற்றும் கூட்டாகச் செய்த புதிய வான் வெளிவந்தது. முன்சில்லு இழுவை, தாழ்ந்த தளம் என்ற ‘எச்’ வானின் எண்ணம் அதில் தொடர்ந்தது. அதன் வழிவந்த பியற் ‘டுக்காற்றோ’ இன்றும் ஐரோப்பிய வீதிகளில் ஓடுகிறது.

பழைய ‘எச்’ வான்களுக்கு இப்போது புதிய மதிப்பு. நகரங்களில் கோப்பி விற்கும் அலங்காரக் கடைகளாக அவற்றைத் திருத்தி நிறுத்துகின்றனர். 2017 இல், புதிய வானின்மேல் பழைய நெளிவுகளைப் போன்ற ஒரு கூட்டைப் பொருத்தி விற்கவும் தொடங்கினர். பஞ்சத்தில் பலத்துக்காக இட்ட நெளிவு வசதியில் அலங்காரமாகிவிட்டது.

எமக்கு என்ன பயன்?

இந்த வானை வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது எம்மிடம் வரப்போவதும் இல்லை. ஆனால் அதை அமைத்தவர்கள் கேட்ட கேள்விகளை நாமும் கேட்கலாம். ஒரு சங்கம் கூட்டாக வாகனம் எடுக்கும்போது, அல்லது லான்ட்மாஸ்ரருக்குப் புதிய பெட்டி அடிக்கும்போது, பெரும்பாலும் விலையையும் இயந்திர வலுவையும் மட்டுமே விசாரிக்கிறோம். அதற்கு முன் சிந்திக்க வேண்டியவை வேறு.

முதலாவது, தூக்குபவர் யார்? அவரை அழைத்து நிற்கவைத்து, எந்த உயரத்துக்கு நாள் முழுவதும் தூக்க முடியும் என்று அளந்து பாருங்கள். இரண்டாவது, பாரம் எது? நெல் மூடையா, தக்காளிப் பெட்டியா, பால் கலனா, மாடா? ஒவ்வொன்றுக்கும் பெட்டி வேறுபடும். மூன்றாவது, வழி எது? சேற்று ஒழுங்கையா, தார் வீதியா? நான்காவது, திருத்துபவர் எங்கே இருக்கிறார்? அவருக்குத் தெரிந்த இயந்திரமா? ஐந்தாவது, பின்பாதியை எமது தச்சரும் ஒட்டு வேலைக்காரரும் மாற்ற முடியுமா? மூன்று பக்கமும் இறங்கும் தட்டி, கழற்றிப் பூட்டும் நிழற்கூரை, மடித்து வைக்கும் ஏற்றுப் பலகை என்பவற்றை எமது பட்டறைகளிலேயே செய்யலாம்.

கையிலுள்ள வாகனத்தின் தட்டு உயரமானதா? அதற்கும் வழி உண்டு. வண்டியைத் தாழ்த்த முடியாவிட்டால் நிலத்தை மாற்றலாம். விளைச்சல் சேரும் இடத்தில், வண்டி பின்னோக்கி வந்து நிற்பதற்குச் சாய்வான ஒரு பள்ளம் வெட்டுங்கள். பள்ளம் இரண்டு அடி ஆழமானால், ஒரு மீற்றர் தட்டு ‘எச்’ வானின் தளத்தளவுக்கு இறங்கிவிடும். பக்கங்களைக் கல்லால் கட்டி, மழைநீர் ஓட ஒரு வாய்க்காலும் வெட்ட வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி வெளியே ஏறக்கூடியதாகச் சாய்வு நீளமாக இருக்க வேண்டும். நீர் தேங்கும் நிலமானால் பள்ளத்துக்குப் பதிலாக ஒரு மண்மேடை எழுப்பி, ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டுத் தள்ளுவண்டியால் மூடைகளை மேலே கொண்டுவரலாம். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஒரு நாள் சிரமதானம் போதும்.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. கடந்த அறுவடையில் உங்கள் குடும்பத்தில் மூடை தூக்கியவர் யார்? எத்தனை முறை, எந்த உயரத்துக்கு?

2. ஏற்றுக்கூலிக்காக உங்கள் ஊர் ஒரு போகத்தில் எவ்வளவு செலவிடுகிறது? அதில் எவ்வளவை மிச்சப்படுத்தலாம்?

3. உங்கள் ஊரில் உள்ள தச்சர், ஒட்டு வேலைக்காரர், மெக்கானிக் ஆகியோரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, இருக்கும் பெட்டியை எப்படித் திருத்தலாம் என்று கேட்டதுண்டா?

4. விளைச்சல் சேரும் இடத்தில் ஏற்றுப் பள்ளம் அல்லது ஏற்று மேடை அமைக்கப் பொருத்தமான இடம் எது? அதை எப்போது தொடங்கலாம்?